திம்மராயனுக்கு வந்த கோழி நோய்

இந்த வருஷம் அந்தச் செவலைச் சேவலைத் தின்றே தீருவது என்று திம்மராயன் சபதம் எடுத்துக்கொண்டான். சபதத்தை மனசுக்குள்தான் எடுத்தான். வாய்விட்டு எடுத்தால் அவன் பெண்டாட்டி வெங்கடம்மாள் காதில் விழுந்துவிடும்.

ஓசூரிலிருந்து மைசூர் எல்லைப் பக்கம் போகும் வழியில் அவர்கள் ஊர். கேழ்வரகும் கொள்ளும் விளையும் காடு திம்மராயனுடையது. கொல்லையில் மேயும் கோழிகள் வெங்கடம்மாளுடையவை. காட்டில் இவன் வைத்ததுதான் சட்டம். கொல்லையில் இவனைக் கோழி கூட மதிக்காது.

ஒரு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவன் வாய் வலித்ததுதான் மிச்சம். ஆடியில் கேட்டான்.

"ஆடிக் காத்துல சேவல் எளைச்சிக் கெடக்குது. எலும்பை நக்கவா போறீங்க?"

காற்று நின்றதும் புரட்டாசியில் கேட்டான்.

"பெருமாள் மாசங்க! பேரு மட்டும் அந்தப் பெருமாள் பேரு, திம்மராயன். கேக்கறது கோழிக்கறியா?"

ஐப்பசி மழையில் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்தது. கூடையில் வைக்கோல் பரப்பி முட்டை வைத்து, இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டாள் வெங்கடம்மாள். அந்த மூலைப் பக்கம் திம்மராயன் இருமக் கூடாது. தும்மினால் வசவு. மார்கழியில் குஞ்சுகளுக்குக் குளிர் என்று அவன் போர்வை போனது.

"போர்வையைத்தான் குடுத்தேனே, சேவலையாச்சும் அடிக்கலாமில்ல?"

"அது கூவலைன்னா நான் எப்ப எந்திரிச்சிக் கோலம் போடறது? நீங்க கூவறீங்களா?"

மாசியில் வானத்தில் பருந்து வட்டம் போட்டது. சேவல் சத்தம் கொடுத்தால்தான் குஞ்சுகள் ஓடி ஒளியுமாம். சித்திரையில் கோழிக்கறி உடம்புக்குச் சூடாம். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசம் போதாமல் இன்னும் நாலு மாசம் இருந்தாலும் வெங்கடம்மாளிடம் காரணம் இருக்கும்.

வைகாசியில் பக்கத்து ஊருக்குக் கோழிக் கழிச்சல் வந்தது. கழிச்சல் வந்தால் கோழி தலை தொங்கித் தூங்கி விழும். ஒன்றுக்கு வந்தால் கொல்லைக்கே தொத்தும். அதனால் சாவதற்குள் அடித்துக் குழம்பு வைத்துவிடுவார்கள். அந்த ஊரே மணத்தது. திம்மராயன் வேலை இல்லாமலே இரண்டு தடவை அந்த ஊர்த் தெருவில் நடந்துவிட்டு, பெருமூச்சோடு திரும்பி வந்தான்.

"ஊருக்கெல்லாம் வருது. நம்ம ஊட்டுக் கோழிக்கு ஒரு நோய் நொடி வருதா பாரு" என்று நொந்துகொண்டான்.

எப்படி வரும்? வெங்கடம்மாள்தான் தினமும் கொல்லையைக் கூட்டிச் சாம்பல் தூவி, குடிக்கிற தண்ணீரில் மஞ்சள் கரைத்து வைத்தாளே. வராத நோயை வரவழைப்பது என்று திம்மராயன் முடிவு செய்தான்.

இந்தப் பக்கம் சேலம் ஜில்லா, மதுவிலக்கு. கள்ளென்று வாயால் சொன்னாலே போலீஸ் திரும்பிப் பார்க்கும். எல்லை தாண்டினால் மைசூர் சீமை, ஈச்ச மரத்தடியிலேயே கள் கிடைக்கும். ஆள் யாரென்று தெரியக் கூடாது என்று திம்மராயன் கன்னடத்தில் கேட்டான். கள்ளுக்காரன் தெலுங்கில் பதில் சொன்னான். ஒருவருக்கும் ஒன்றும் விளங்காமல், கடைசியில் இருவரும் தமிழிலேயே பேசி முடித்தார்கள். சுரைக்குடுவையை மேல்துண்டுக்குள் சுற்றிக்கொண்டு, குறுக்கு வழியாக வீடு வந்து சேர்ந்தான்.

வெங்கடம்மாள் துணி துவைக்க ஏரிக்குப் போயிருந்தாள். கேழ்வரகைக் கள்ளில் ஊறவைத்துச் சேவலுக்குப் போட்டான். ஒரு கொத்து கொத்தியது. நிமிர்ந்து அவனைப் பார்த்தது. ஒரு வருஷத்தில் அது அவனை மரியாதையாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு தலை நிமிராமல் தின்றது.

குடுவையில் பாதி மிஞ்சியது. கொட்டினால் வாசனை வரும், வைத்தால் மாட்டிக்கொள்வான். வேறு வழி தெரியாமல், அவனே குடித்துத் தீர்த்தான்.

வெங்கடம்மாள் திரும்பி வந்தபோது வைக்கோல் போரின் இந்தப் பக்கம் சேவல் தலை தொங்கி உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் திம்மராயன்.

"ஏம்மே, பாத்தியா அநியாயத்தை! நம்ம சேவலுக்கும் கழிச்சல் வந்துடுச்சி!"

அவள் சேவலைத் தூக்கினாள். அலகை மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமாங்க. கழிச்சல்தான்."

"தொத்து நோயும்மே! உடனே அடிச்சிடணும். மனசைக் கல்லாக்கிக்க. நானே உரிச்சித் தரேன்."

"அடிச்சிடலாம். அது இருக்கட்டும், உங்க கண்ணு ஏன் சொருவுது?"

"வெயிலு."

"எங்க, எந்திரிச்சி நில்லுங்க."

எழுந்தான். நின்றது என்னவோ வைக்கோல் போர்தான். அவன் அதன்மேல் சாய்ந்திருந்தான்.

"ஐயோ, தலை தொங்குதே! கோழியைத் தொட்டீங்களா?"

"தொ... தொட்டேன்."

"போச்சி! உங்களுக்கும் தொத்திக்கிச்சி!"

அம்மியில் சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மஞ்சள் நான்கையும் வைத்து அரைத்தாள். சேவலின் அலகைப் பிளந்து சின்ன உருண்டை ஒன்றைத் திணித்தாள். புருஷன் மூக்கைப் பிடித்துப் பெரிய உருண்டை ஒன்றைத் திணித்தாள். சேவல் முழுங்கிவிட்டது. திம்மராயனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"நோய் கண்டதைத் தனியாப் பிரிச்சி வெக்கணும்" என்று மாட்டுக் கொட்டகை மூலையில் அவனை உட்காரவைத்தாள்.

அந்த நேரம் பார்த்து வேப்பனப்பள்ளியிலிருந்து அவள் தம்பி கோவிந்தப்பன் மாம்பழக் கூடையோடு வந்து நின்றான்.

"அக்கா, மாமா ஏன் மாட்டோட உக்காந்திருக்காரு?"

"அவருக்குக் கோழிக் கழிச்சல்டா."

"மனுசனுக்கு வருமா அது?"

"உங்க மாமனுக்கு வந்திருக்குதே."

போன பொங்கலுக்குத்தான் திம்மராயன் இந்தக் கோவிந்தப்பனை நிற்கவைத்து, "குடிக்கிறவன் குடும்பம் விளங்காதுடா" என்று ஊர் கேட்கப் புத்தி சொல்லியிருந்தான். இப்போது கள்ளென்று சொன்னால் நாளைக்கு வேப்பனப்பள்ளியே சிரிக்கும். சொல்லாவிட்டால் நோய்க்காரனுக்குக் குழம்பு கிடைக்காது. மானமா, குழம்பா? மானம் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

சேவல் குழம்பாயிற்று. மிளகும் தேங்காயும் வறுபட்ட வாசனை கொட்டகைக்குள் வந்து மூக்கைத் துளைத்தது. மாடே தலையைத் தூக்கியது. கோவிந்தப்பனுக்கு இலை போட்டாள். திம்மராயனுக்கு உப்பில்லாக் கேழ்வரகுக் கஞ்சி வந்தது.

"எனக்கு இப்ப தேவலாம்மே. ஒரு துண்டு..."

"நோய்க்காரங்க கறி தின்னக்கூடாதுங்க."

தம்பி இலையில் ஈரல் விழுந்தது. "எப்படிடா இருக்குது?" என்று கொட்டகைக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள். "வெண்ணையாட்டம் கரையுதுக்கா!" திம்மராயன் கஞ்சியைக் குடித்தான். இறக்கை விழுந்தது. மானம் என்று இன்னொரு மடக்கு குடித்தான். நெஞ்சுக்கறி போனது. அவளும் தட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எலும்பைக் கடித்து உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒரு வருஷத்து ஆசை கண் முன்னால் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

கஞ்சிக் கிண்ணத்தை எறிந்துவிட்டு உள்ளே ஓடினான்.

"எனக்கு நோயுமில்ல, ஒண்ணுமில்ல! கள்ளு! சேவலுக்கும் குடுத்தேன், நானும் குடிச்சேன்! போதுமா?"

கோவிந்தப்பன் மெல்வதை நிறுத்தினான். வெங்கடம்மாள் நிதானமாக விரலை நக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தெரியுங்க."

"தெரியுமா?"

"சேவல் வாயை மோந்தேனே. உங்க வாயை மோக்கவே வேணாம், ஏரிக்கரையில இருந்தே தெரிஞ்சிது."

"அப்பறம் எதுக்குடி மருந்தும் கஞ்சியும்?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். ஈரலுக்குச் சொல்வீங்கன்னு நெனச்சேன். சொல்லல. இறக்கைக்கும் சொல்லல. அந்தக் குஞ்சுங்கள்ல ஒரு எளஞ்சேவல் கூவ ஆரம்பிச்சிடுச்சி, தம்பியும் வரான், இன்னிக்கு எப்படியும் இதை அடிச்சி உங்களுக்கு ஒரு முழுக்காலு வெக்கணும்னுதான் காலையிலயே மசாலா வறுத்து வெச்சேன்."

திம்மராயனுக்குக் கள் மொத்தமும் இறங்கிவிட்டது. சட்டியின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.

"அந்தக் காலு எங்கம்மே?"

அவள் தம்பியின் இலையைப் பார்த்தாள். கோவிந்தப்பன் கையில் வழவழவென்று ஓர் எலும்பு இருந்தது.

"இவ்வளவு நேரம் மூடி வெச்சிருந்தேங்க. ஒரு வாய் கஞ்சிக்கு முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"