படகேறும் முன் பரஸ்தானம்

காலூ டப்புக்குள் இறங்க மறுத்துவிட்டது.

பாத்ரூமில் பிளாஸ்டிக் டப் நிறையத் தண்ணீர். இந்தப் பக்கம் பனியனும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக ஜோதிலிங்கம். அந்தப் பக்கம், டெல்லி கரோல் பாக் கடைவீதியில் வாங்கிய குழந்தைகள் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு காலூ. ஜாக்கெட்டின் ஜிப் முதுகில் இருந்தது.

"கரிகாலா, இறங்கு."

நாய் கதவைப் பார்த்தது.

"அப்பா, உஸ்கோ டர் லக்தா ஹை," என்றாள் மகள் ஷ்ரேயா. "அதுக்குப் பயமா இருக்கு. அது பேர் காலூ. ஹிந்தியில கூப்பிடுங்க. தமிழ் அதுக்குத் தெரியாது."

"இனிமே தெரியணும். டைரக்டர் முன்னாடி நம்ம வீட்டு நாய்க்குத் தமிழ் வராதுன்னு சொல்ல முடியுமா?"

"நம்ம வீட்டு நாயா?" அடுக்களையிலிருந்து மனைவி லதாவின் குரல் வந்தது. "போன வாரம் வரைக்கும் மாடிப்படிக்குக் கீழ படுத்துக் கிடந்துச்சு. வாட்ச்மேன் மட்டும்தான் சோறு போடுதான்."

லதா சொன்னது உண்மை. பொய் பிறந்தது அலுவலக லிஃப்டில். டைரக்டர் மாணிக்கவாசகம் தன் செல்போனில் சுல்தான் என்ற தன் நாயின் படத்தைக் காட்டி உருகிக்கொண்டிருந்தார். ஜோதிலிங்கத்தின் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு சார். பிள்ளை மாதிரி."

"அப்படியா? பேரு?"

"கரிகாலன் சார்."

காரணம் இல்லாமல் சொன்ன பொய் இல்லை. சென்னைக் கிளையில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. துணை டைரக்டரோ அதற்கு மேலே உள்ளவரோ, யார் வேண்டுமானாலும் போகலாம். ஜோதிலிங்கம் துணை டைரக்டர். லோதி ரோடு குவார்ட்டர்ஸில் ஒவ்வொரு நவம்பரையும் இன்ஹேலரோடு தள்ளி அலுத்துப்போனவர். தாம்பரத்தில் வாங்கிப்போட்ட ஃபிளாட் பூட்டியே கிடந்தது. ஊரோடு போய்விட வேண்டும் என்ற ஆசையில் அவருக்குச் சில நாள் சாப்பாடுகூட இறங்குவதில்லை. இன்னாரை அனுப்பலாம் என்று மேலே சொல்ல வேண்டியவர் மாணிக்கவாசகம்தான்.

அந்த மாணிக்கவாசகம்தான் திங்கட்கிழமை கூப்பிட்டு, "சனி ஞாயிறு ஃப்ரீயா? மலையடிவாரத்துல ஒரு ஏரி. பாய்மரப் படகு சொல்லியிருக்கேன். நாம ரெண்டு குடும்பம் மட்டும், நிம்மதியா இருக்கலாம். கரிகாலனை அவசியம் கூட்டிட்டு வாங்க. சுல்தானோட பழகட்டும்" என்றார்.

மேலதிகாரி இரண்டு நாள் படகில் தனியாக மாட்டப்போகிறார். சென்னைப் பேச்சை எடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நாய்தான் இல்லை. அதனால் காலூ, பிஸ்கட் காட்டி மாடிக்கு வரவழைக்கப்பட்டு, ஊசி போடப்பட்டு, கரிகாலன் ஆனது.

ஷ்ரேயா பொறுமை இழந்து, ஹிந்தியில் "ஆஜா, காலூ" என்று கூப்பிட்டாள். நாய் ஒரே தாவலில் டப்பில் விழுந்தது. டப் கவிழ்ந்து, தண்ணீர் ஹாலைத் தாண்டி, படியிறங்கி, கீழ் வீட்டு சர்மாவின் வாசலில் காய்ந்துகொண்டிருந்த அப்பளங்களின் மேல் போய் நின்றது.

"ஜோதிலிங்கம்ஜி," என்றார் சர்மா, மேலே வந்து. "இந்த வேலையெல்லாம் பார்க்கில் வைத்துக்கொள்ளுங்கள்."

யோசனை சரியாகத்தான் பட்டது. தண்ணீருக்குப் பழகாவிட்டாலும் படகின் ஆட்டத்துக்காவது பழக வேண்டாமா? புதன்கிழமை சாயங்காலம் காலனிப் பூங்காவின் ஊஞ்சலில், காலூவை மடியில் வைத்துக்கொண்டு ஜோதிலிங்கம் உட்கார்ந்தார். ஷ்ரேயா தள்ளினாள். நாலாவது ஆட்டத்தில் காலூ அன்று தின்ற பிஸ்கட்டையெல்லாம் அவர் மடியில் திருப்பிக் கொடுத்தது. அவர் அதை வையவில்லை. பயலுக்கு அவரைவிட அதிகமாகத் தலை சுற்றியிருக்க வேண்டும் என்று நினைத்து, தடவிக் கொடுத்தார்.

சர்மா இதை வீடியோ எடுத்து, 'குழந்தைகள் ஊஞ்சல் இதற்குத்தானா?' என்று கேட்டு, காலனி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அது எங்கெங்கோ சுற்றி, மறுநாள் காலை டைரக்டரின் மேஜைக்கு வந்துவிட்டது.

"ஜோதிலிங்கம், உக்காருங்க."

தொலைந்தோம் என்று உட்கார்ந்தார். மாணிக்கவாசகத்தின் கண் கலங்கியிருந்தது.

"வாந்தி எடுக்குது. நீங்க தடவிக் கொடுக்கறீங்க. என் வீட்டம்மாகூட சுல்தானுக்கு இப்படிச் செஞ்சதில்ல. நான் ஒரு மாசமா ஒரு முடிவு எடுக்க முடியாமத் தவிச்சிட்டிருந்தேன். இதப் பாத்ததும் எடுத்துட்டேன். நீங்கதான்."

ஜோதிலிங்கம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "சார்..."

"விவரமா படகுல வெச்சுப் பேசலாம். உங்களுக்குச் சம்மதம்தானே?"

"முழுச் சம்மதம் சார். வீட்லயும் சந்தோஷப்படுவா. ரொம்ப நன்றி சார்."

"நான்தாங்க உங்களுக்கு நன்றி சொல்லணும்," என்று டைரக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

விஷயத்தைக் கேட்டதும் லதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த நிமிஷமே மூட்டை கட்டும் வேலையில் இறங்கி, தாம்பரத்துக்குத் தூக்கிப்போக முடியாது என்று ஹாலில் இருந்த கூலரை வேலைக்கார அம்மாளுக்குக் கொடுத்து அனுப்பினாள். பிறகுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"ஒம்பதுக்கு."

"ஒம்பதுலேருந்து பத்தரை ராகுகாலம்லா? நல்ல காரியத்துக்குப் போகையில அந்த நேரத்துல எப்படிக் கிளம்ப? சார்கிட்ட கேளுங்க."

தயங்கித் தயங்கி ஃபோன் செய்து, நல்ல காரியத்தை ராகுகாலத்தில் ஆரம்பிக்க வேண்டாமே என்றார். மறுமுனையில் சுல்தான் குரைத்துக்கொண்டிருந்தது.

"அதுக்கென்ன, நாளைக்கு சாயங்காலமே சாமானையெல்லாம் உங்க வீட்டுக்கு அனுப்பிடறேன்," என்றார் டைரக்டர்.

"பரஸ்தானமா சார்?"

"என்னது? டேய் சுல்தான், சும்மா இரு. ஆமாமா, எல்லாம் வந்துரும்."

கெட்ட நேரத்தில் கிளம்பித்தான் தீர வேண்டும் என்றால், முன்னதாக ஒரு நல்ல வேளையில் பயணச் சாமானைக் கொண்டுபோய் இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதுதான் பரஸ்தானம். அதற்கு டைரக்டர் தங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்ததில் ஜோதிலிங்கத்துக்குப் பெருமை பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டைரக்டரின் டிரைவர் கருப்பசாமி வந்தார். மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப்பகுதியில் பிறந்து, அதை இடித்தபின் நகரத்தின் கோடியில் உள்ள நரேலாவிலிருந்து தினமும் பஸ் மாறி வருகிற மனிதர். மூச்சு வாங்க ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து வைத்தார். நாய் மெத்தை, எவர்சில்வர் கிண்ணங்கள், கம்பளி, ஷ்ரேயா உயரத்துக்கு ஒரு மூட்டை நாய்த் தீனி. கடைசியாக ஒரு கூலர்.

"படகுல கூலரா?" என்று ஜோதிலிங்கம் முணுமுணுத்தார்.

"பெரிய இடத்து நாய்," என்றாள் லதா. "அதுக்குப் புழுங்கும்." பரஸ்தானச் சாமான் ஆயிற்றே என்று கூலருக்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள்.

பிறகு சுல்தான் வந்தது. கருப்பசாமியை இழுத்துக்கொண்டு வந்தது என்பதே சரி. நேராகப் போய் சோபாவை முழுக்க அடைத்துப் படுத்துக்கொண்டது. லைஃப் ஜாக்கெட்டோடு காலூ கட்டிலுக்கு அடியில் நுழைந்தது.

"இவனும் இன்னிக்கேவா?"

"ஆமா சார். ரெண்டும் ஒரு ராத்திரி சேந்து கெடக்கட்டும், நாளைக்கு போட்டுல எப்படி ஒட்டுதுன்னு பாத்துக்கலாம்னு சொன்னாரு." கருப்பசாமி வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "சார், ஒண்ணு கேக்கலாமா? அப்புறமா இதெல்லாம் திருப்பி எடுத்துட்டுப் போன்னு சொல்ல மாட்டீங்களே?"

ஜோதிலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. டெல்லியிலேயே பிறந்தவர், இந்த வழக்கமெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

"கருப்பசாமி, இப்படி வெளிய வந்த சாமான் மறுபடி அந்த வீட்டுக்குள்ள போகவே கூடாது. போனா சார் பயணம் தடைப்படும். ஒண்ணக்கூட நான் விடமாட்டேன். சார் நல்லபடியா போய்ச் சேரணும், அதான் எனக்கு முக்கியம்."

கருப்பசாமி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க நல்லா இருக்கணும் சார். இத எப்படிக் கேக்கறதுன்னு தெரியாமத்தான் அவரு இந்த போட் பயணத்தையே ஏற்பாடு பண்ணாரு. அந்த மெட்ராஸ் எடம் எங்க டைரக்டர் சாருக்கே வந்திருச்சுல்ல, அங்க குடுத்த குவார்ட்டர்ஸ்ல நாய் வெச்சுக்க வுடமாட்டாங்களாம்."