மீண்டும் வருக

"உன் கம்ப்யூட்டர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுதுலா, தம்பி. இது என்ன மரியாதை?"

தொலைபேசியில் தவமணி என்று பெயர் சொன்ன அம்மாளின் குரல் ஈரத்துணி போல் காதில் பட்டது. வாசு பக்கத்தைத் திறந்து பார்த்தான். 'தவமணி அவர்களே, நன்றி. மீண்டும் வருக.'

அது மரண அறிவிப்புக்கான இணையப் பக்கம். அறிவிப்பு அனுப்புகிறவரை நன்றிப் பக்கத்துக்குத் திருப்பிவிடும்போது, கணினி கூடவே அங்கே காட்ட ஒரு பெயரையும் கொடுத்தனுப்பும். ஓட்டல் ஒன்றுக்கு எழுதியதை 'மீண்டும் வருக' உட்பட அப்படியே ஒட்டவைத்திருந்தான், சோம்பேறி.

"இன்னொரு புகார் வந்தா ஜுரு பக்கம் ஏதாவது ஃபேக்டரியில வேலை தேடிக்கோ," என்றார் எதிர்மேசையிலிருந்த முதலாளி காஜா மொய்தீன்.

அறிவிப்பில் இரண்டு பெயர்கள் இருந்தன. எது போனவருடையது, எது அனுப்பியவருடையது என்று பார்க்கப் பொறுமையில்லாமல், மற்றதைக் கொடுத்தனுப்பும்படி மாற்றினான். விரலை எடுப்பதற்குள் மணி அடித்தது.

"இப்போ ஏரம்பமூர்த்தியை வரச் சொல்லுது. அவன் என் மகன்."

"மகன் போனதுக்கு ரொம்ப வருத்தம்மா."

"வாயைக் கழுவு. அவன் நல்லாத்தான் இருக்கான்."

வாசு நாக்கைக் கடித்துக்கொண்டான். அப்படியானால் போனவர் அம்மாளின் வீட்டுக்காரராகத்தான் இருக்கும் என்று, அறிவிப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் தானே முடிவுகட்டினான். 'மீண்டும் வருக'வை அழித்துவிட்டு, 'விரைவில் சந்திப்போம்' என்று போட்டான். மறுபடியும் மணி.

"யாரை, எங்கே சந்திக்கிறது?" குரல் தணிந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "அவனுக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்கு. இப்போ என்ன அவசரம்? என்னோட போகட்டும். அவனைக் கூப்பிடாதே."

அப்போதுதான் வாசுவுக்கு உறைத்தது. பினாங்கில் அந்த நாளில் வீட்டுக்கு ஒரே லைன்தான். தொலைபேசியில் பேசினால் இணையம் அறுந்துவிடும். இந்த அம்மாள் எப்படிப் பேசிக்கொண்டே படிக்கிறார்?

"அம்மா, எங்கேருந்து பேசுறீங்க?"

தூரத்து இரைச்சல் மட்டும் கேட்டது. தொலைபேசியை வைத்துவிட்டு, பெயர், வாசகம் எல்லாவற்றையும் துடைத்தெறிந்தான். அதன்பிறகு மணி அடிக்கவில்லை. வேலை தப்பியது என்று பெருமூச்சு விட்டான்.

மாலையில் ஏரம்பமூர்த்தியே சூலியா தெருவிலிருந்த அலுவலகத்துக்கு மாடிப்படி ஏறி வந்தார். அறிவிப்பில் சேர்க்க வேண்டிய புகைப்படம் உறைக்குள் இருந்தது.

"எல்லாம் சரி பண்ணிட்டேன் சார். இனிமே ஃபோன் பண்ணித் திட்ட வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க."

அவர் உறையை நீட்டிய கையோடு நின்றுவிட்டார்.

"அந்த அறிவிப்பே அம்மாவுக்குத்தானே, தம்பி."