விட்டுப்போன ‘எண்டு’

நான் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள். இதை இத்தனை வருடமாக நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல என்று எனக்கு விளங்க, ஒரு புதன்கிழமை காலை ஒன்பது பதினைந்திலிருந்து ஒன்பது முப்பத்தொன்று வரை, பதினாறு நிமிடம் எடுத்தது. (நாட்குறிப்பில் இருக்கிறது. கூட்டிச் சொல்லவில்லை.)

நோயாலோ விபத்தாலோ வேலையிலிருந்து விலகி நிற்பவர்களைப் பரிசோதித்து, அவர்கள் அந்த வேலையை மறுபடி செய்யலாமா என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. இந்த வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கு ஆட்களோடு கதைக்கத் தெரியவில்லை என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்ததால், வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு மண்டபத்தில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண் மருத்துவர் நடத்தினார். மற்றவர்கள் யன்னலால் தோணிகளைப் பார்த்தார்கள். நான் முன்வரிசையில் இருந்து இரண்டு நிறப் பேனாவால் குறிப்பெடுத்தேன்.

இரண்டு விதிகள். வந்தவர் கதைக்கும்போது தலையாட்ட வேண்டும். பிறகு அவர் கடைசியாகச் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் நாம் காதுகொடுத்துக் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியும். ‘அப்படியே’ என்பதன் கீழே இரண்டு கோடு போட்டேன். (என்னைக் கவிழ்த்தவை அந்தக் கோடுகள்தான்.)

மூன்றாம் நாள் என் அறையிலேயே செய்முறை. பயிற்றுநர் மூலையில் கதிரை போட்டு, மடியில் எனக்குப் புள்ளி போடும் தாளோடு இருந்தார். வந்தவர் தவராசா, செங்கலடிப் பக்கத்து ஆள். ஒரு கந்தோரில் தண்ணீர் ஏற்றிப்போகும் பவுசர் வண்டி ஓட்டுபவர். எட்டு மாதத்துக்கு முன் பவுசரிலிருந்து இறங்கும்போது விழுந்து இடது முழங்கால் முறிந்தது. அன்றிலிருந்து கந்தோர் வாசலில் கதிரை போட்டு, வருவோர் போவோரின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். இனியும் அதில் இருந்தால் செத்துவிடுவேன் என்கிற முகம். கூட வந்த மனைவி பாக்கியத்துக்கோ, அவர் அந்தக் கதிரையை விட்டு எழும்பவே கூடாது. நான் எழுதப்போகும் ஒற்றை வரிக்காக இருவரும் என் முன்னால் இருந்தார்கள்.

“கால் சுகம் டொக்டர்,” என்றார் தவராசா. “பவுசர் ஓட்ட எனக்கு வடிவா ஏலும்.”

தலையாட்டினேன். ‘எனக்கு’ என்பதை ‘உங்களுக்கு’ ஆக்கினேன். வேறு ஓர் எழுத்தையும் தொடவில்லை.

“பவுசர் ஓட்ட உங்களுக்கு வடிவா ஏலும்.”

அவர் பாதி எழும்பிவிட்டார். “கேட்டியா புள்ள! டொக்டரே சொல்லிட்டார்!”

“என்ன டொக்டர், காலத் தொட்டும் பாக்கல்ல நீங்க!” என்று பாக்கியம் என் பக்கம் திரும்பினார். “ராவு முழுக்க அனுங்குறார். இவருக்கு ஒண்டும் ஏலாது.”

இவரும் கதைக்க வந்தவர்தானே? தலையாட்டினேன்.

“இவருக்கு ஒண்டும் ஏலாது.”

“ஆ! இப்ப கேளுங்க!” என்றார் பாக்கியம்.

“என்ன ஐயா, இப்பதானே ஏலும் எண்டீங்க?” என்றார் தவராசா.

“இப்பதான் ஏலும் எண்டன்.”

“மறுகா என்ன? ஏலுமா, ஏலாதா?”

கேள்வியைத் திருப்பிச் சொல்வதா என்று குறிப்பில் இல்லை. பாதுகாப்பாகத் தலையை மட்டும் ஆட்டினேன். அது அவருக்கு ஏலும் என்றும், பாக்கியத்துக்கு ஏலாது என்றும் பட்டது.

“டொக்டர்ர வாயால ஏலாது எண்டு வந்திட்டு, எனக்கு அது காணும்,” என்று பாக்கியம் மேசையிலிருந்த மருத்துவ அறிக்கைகளை அள்ளிக் கக்கத்தில் செருகிக்கொண்டு வெளியே போனார். “கொண்டா இஞ்ச!” என்று தவராசா பின்னால் ஓடினார். என் அறை மேல்மாடியில். வெளிப்புறப் படி பத்தொன்பது. அவர் இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி, கேற்றடியில் மனைவியை மறித்ததை யன்னலால் பார்த்தேன்.

திரும்பினால், பயிற்றுநர் புள்ளித்தாளால் முகத்தை மூடியிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து, முதலாம் விதிப்படி தலையாட்டினேன்.

“டொக்டர்,” என்றார் கண்ணைத் துடைத்தபடி, “‘எண்டு’ எங்க?”

“என்ன எண்டு?”

“‘ஏலும் எண்டு சொல்றீங்க.’ ‘ஏலாது எண்டு நினைக்கிறீங்க.’ அந்த ‘எண்டு’ இருந்தா அது அவங்கட கதை. அத விட்டா உங்கட தீர்ப்பு.”

“‘அப்படியே’ எண்டு சொன்னீங்களே?”

அவர் மறுபடி புள்ளித்தாளுக்குள் போய்விட்டார்.

இறங்கிப்போய் இருவரையும் கூட்டிவந்தேன். ஓடியதை வைத்து எழுதிவிட முடியாது. (கோபத்தில் ஓடுகிற கால் வேறு, நாள் முழுக்கக் கிளச் மிதிக்கிற கால் வேறு.) முழங்காலை மடக்கி, நீட்டி, அமத்தி, அளந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பிறகு பாக்கியத்திடம், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னேன்:

“இவருக்கு ஏலாது எண்டு நீங்க நினைக்கிறீங்க.”

அவர் கக்கத்திலிருந்த அறிக்கைகளை எடுத்து மேசையில் வைத்தார். “கால் சுகம்தான் டொக்டர். அந்தப் பவுசர்ர ஏறுபடி உடைஞ்சு, கயித்தால கட்டிக் கிடக்கு. அதிலதான் விழுந்தவர். இன்னும் மாத்தல்ல. திரும்ப விழுந்தா?”

“ராவில அனுங்குறார் எண்டீங்க?”

“அது குறட்ட.”

தவராசா மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத நீ எனக்கிட்டச் சொல்லவே இல்லயே?”

“நீங்க எப்ப கேட்டீங்க?”

பவுசர் ஓட்டத் தகுதி உண்டு, ஆனால் ஏறுபடியை மாற்றிய பிறகே என்று எழுதினேன். மாற்றினார்கள். எனக்குப் பயிற்சியில் தலையாட்டலுக்கு முழுப் புள்ளி கிடைத்தது. திருப்பிச் சொல்வதற்கான கட்டத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது.

இந்தக் கதையை மனைவியிடம் சொன்னதுதான் நான் செய்த அடுத்த பிழை. தவராசா எங்கள் தெருவால் போகும்போது பவுசரை மெதுவாக்கி, “டொக்டர், எனக்கு ஏலும்!” என்று கத்துவார். நான் வாயைத் திறக்க முன்னமே, குசினிக்குள்ளிருந்து என் மனைவி “எண்டு!” என்று குரல் கொடுப்பாள். தெரு முழுக்கக் கேட்கும்.

போன வாரம் தவராசாவின் மகளுடைய கல்யாணக் காட் வந்தது. உறையில் பாக்கியத்தின் கையெழுத்தில், ஒரு பிழையில்லாமல், ‘எண்டு டொக்டரும் குடும்பமும்’ என்று எழுதியிருந்தது.