கோவேறு கழுதைகள் நலமா?

சோடாக் கடை நிழலில் நின்றவனை ஸ்ரீரங்கன் நான்காவது நாளாகப் பார்த்தான். கசங்கிய வேட்டி, மடித்த குடை, பழைய தலைப்பாகை. எல்லாம் சரி. வேட்டிக்குக் கீழே போலீஸ் பூட்ஸ்.

ஸ்ரீரங்கன் ஜன்னலைச் சாத்தினான். சாத்தினால் சந்தேகம் வரும் என்று பாதி திறந்தான். பாதி திறந்த ஜன்னல் இன்னும் மோசமாக இருந்தது. முழுக்கத் திறந்துவிட்டு, டைப் மெஷினையும் திருப்பி வைத்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"இன்னும் நிக்கறான் சார்."

"நிக்கட்டும்டா. தெரு நம்ம ஆத்து முற்றமா?" என்றார் வக்கீல் ஸ்ரீனிவாசராகவன். கன்னத்தில் துணிக்கட்டு. சொற்கள் வாயின் ஒரு பக்கமாக மட்டும் வந்தன.

அவர் வெள்ளைக்காரச் சர்க்காரின் டில்லி சட்டசபையில் சென்னை அங்கத்தினர். பல் பிடுங்கிக்கொள்ள மயிலாப்பூர் வந்திருந்தார். டில்லிப் பல் வைத்தியர்கள்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. டில்லியில் யார்மேலும் இல்லை. ஸ்ரீரங்கன் அவருடைய குமாஸ்தா; அதே தெருவில் குடியிருந்தான். பி.ஏ. படித்தவன். சபையில் அவர் கேட்கும் கேள்விகளை எல்லாம் அவன்தான் எழுதினான்.

இந்தக் கேள்வி போன வாரம் திருவல்லிக்கேணியிலிருந்து நடந்தே வந்தது. கொண்டுவந்தவள் ஜமீலுன்னிசா. இடுப்பில் கைக்குழந்தை. அவள் கணவன் அப்துல் கய்யூம் பட்டாளத்தில் சமையற்காரன். ஜனவரியில் கப்பல் ஏறினான். 'எங்கே போகிறோம் என்று எழுதக் கூடாதாம்' என்று ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. ஷாங்காய்க்குப் பட்டாளம் போயிருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. எந்தப் பட்டாளம், எத்தனை பேர், எப்போது திரும்புவார்கள் என்று எழுதவில்லை.

"புள்ளை பொறந்து இருபத்தாறு நாள் ஆவுது சாப். பேர் நான்தான் வைப்பேன்னு சொல்லிட்டுப் போனாரு. எந்த ஊருக்குக் காயிதம் போடுறது? பட்டாள ஆபீஸ்ல கேட்டேன். தெரியாதுன்னுட்டாங்க. சரி, வக்கீல் சாப்கிட்ட போய், சபையில கேக்கச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அவாகிட்ட எதுக்கும்மா சொன்னே?" என்றான் ஸ்ரீரங்கன்.

மறுநாள் காலை பூட்ஸ்காரன் வந்து நின்றான்.

கேள்வி தயாராக இருந்தது. சென்னையிலிருந்து எந்தப் பட்டாளங்கள் சீனாவுக்கு அனுப்பப்பட்டன? அனுப்பும் முன் இந்தச் சபையைக் கேட்டதுண்டா? இல்லையென்றால் ஏன்? எப்போது திரும்புவார்கள்? அவர்கள் வீட்டுக்கு எழுதும் கடிதங்கள் ஏன் வந்து சேரவில்லை?

வக்கீல் படித்துவிட்டு விதிப் புத்தகத்தை எடுத்தார்.

"அந்நிய நாட்டு விவகாரம் கேட்கப்படாது. சீனாவை எடு."

"சீனாவை எடுத்தா எங்கே போனான்னு எப்படி சார் கேக்கறது?"

"ஆள் நம்ம ஆள். அனுப்பினது யாரோ. சபைக்கு மூச்சு விடலை. கேள்வி கேக்கற உரிமை ஒண்ணுதான் மிச்சம். அதுக்கும் ஒரு விதி வச்சிருக்கான். பட்டாளத்தோட நம்பரைப் போட்டுக் கேளு. நம்பருக்குத் தேசம் கிடையாது."

கேள்வி பத்து நாள் முன்னதாக டில்லி போய்ச் சேர வேண்டும். மார்ச் முடிந்தால் கூட்டம் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமைத் தபாலைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம் ஆகஸ்டில்தான்.

நம்பர் ஜமீலுன்னிசாவின் வீட்டில், அவள் கணவன் எழுதிய கடிதத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை ஸ்ரீரங்கன் டிராம் ஏறினான். பூட்ஸ்காரனும் ஏறினான். பின் பெஞ்சில் உட்கார்ந்தான்.

அந்தப் பெண்ணின் வீட்டை இவனுக்குக் காட்டிக்கொடுப்பதா? திருவல்லிக்கேணி வந்ததும் ஸ்ரீரங்கன் கண்ணை மூடித் தூங்குவதுபோல் பாவனை செய்தான். யாரோ தோளைத் தட்டினார்கள். பூட்ஸ்காரன்.

"சார், சார். திருவல்லிக்கேணி தாண்டிப் பூட்ச்சு."

ஸ்ரீரங்கன் துள்ளி எழுந்தான். "நான் அங்கே போறேன்னு உனக்கு யார் சொன்னா?"

"தூங்கிக்கினு இருந்தீங்க. சொன்னேன்."

"நான் கோட்டைக்குப் போறேன்."

"அப்பிடியா? செரி சார்."

கோட்டையில் ஸ்ரீரங்கனுக்கு எந்த வேலையும் இல்லை. அரை மணி நேரம் வெயிலில் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பத்தடி தள்ளிப் பூட்ஸ்காரனும் மதிலைப் பார்த்தான். வாசலில் நின்ற வெள்ளைக்காரச் சிப்பாய் இருவரையும் பார்த்தான். நம்பர் இல்லாமலே ஸ்ரீரங்கன் வீடு திரும்பினான்.

இனி கேள்வியின் முதல் நகலைக் கையில் வைத்திருப்பது ஆபத்து. புதன்கிழமை விடியற்காலை அதைத் துண்டு துண்டாகக் கிழித்துத் தெப்பக்குளத்தில் போட்டான். துண்டுகள் மூழ்கவில்லை. நிதானமாக மிதந்து மறு கரைக்குப் போயின. மறு கரையில் பூட்ஸ்காரன் நின்றான். குடைப்பிடியால் ஒவ்வொன்றாக இழுத்து, படியில் வரிசையாகக் காய வைத்தான். ஒரு துண்டைத் தலைகீழாக வைத்துவிட்டு, யோசித்து, திருப்பி வைத்தான்.

ஸ்ரீரங்கன் ஓட்டமாக வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி நீரஜா கூஜாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யார் வந்து கேட்டாலும் எனக்கு எழுதத் தெரியாதுன்னு சொல்லு."

"பி.ஏ.ன்னு வாசல்ல பலகை மாட்டியிருக்கேளே?"

அவன் பலகையைக் கழற்றப் போனான்.

"அந்தக் குடைக்காரரைத் தேடறேளா? பாவம், நாலஞ்சு நாளா வெயில்ல நிக்கறார். நேத்திக்கு மோர் குடுத்தேன்."

"மோரா? அவன் போலீஸ்டி!"

"போலீஸ்காரனுக்குத் தாகம் எடுக்காதா? நல்ல மனுஷன். சார் இன்னும் எழுதி முடிக்கலையான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"ராத்திரி பகலா எழுதறார்னு சொன்னேன்."

ஸ்ரீரங்கன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

வியாழக்கிழமை வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் அவனைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"நீ அவாளுக்கு வேலை பாக்கலையே?"

"சார்!"

"கேட்டேன். கேக்கறதுல தப்பில்லை. இந்தக் காலத்துல என் பல்லையே நான் நம்பறதில்லை." கன்னத்தைத் தடவிக்கொண்டு யோசித்தார். திடீரென்று ஒரு பக்கமாகச் சிரித்தார். "கழுதை!"

"சார்?"

"உன்னை இல்லைடா. பட்டாளத்தோட கோவேறு கழுதைகளும் கப்பல்ல போயிருக்கு. மனுஷாளைப் பத்திக் கேட்டாத்தான் ராஜாங்க விவகாரம். கழுதைக்கு என்ன ராஜாங்கம்? அதுகள் இப்போ எந்த ஊர் லாயத்துல இருக்குன்னு கேளு. கழுதை இருக்கற இடத்துல பட்டாளம் இருக்கும். பட்டாளம் இருந்தா சமையற்காரன் இருப்பான்."

ஸ்ரீரங்கனுக்குக் கண் கலங்கியது. அப்படி ஒரு மூளை. உட்கார்ந்து டைப் அடித்தான்: 'ஜனவரியில் சென்னையிலிருந்து கப்பலேற்றப்பட்ட பட்டாளத்துக் கோவேறு கழுதைகள் இப்போது எந்த ஊரில், எந்த லாயத்தில் கட்டப்பட்டிருக்கின்றன? அவை நலமா?' வக்கீல் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வைத்தியரிடம் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜமீலுன்னிசா வந்தாள்.

"கேட்டாச்சா சாப்?"

"இன்னிக்குத் தபால்ல போறது."

"எந்த ஊருன்னு கேட்டிருக்கீங்கள்ல? அது போதும் சாப். வேற ஒண்ணும் வேணாம்."

"கேட்டிருக்கேன்."

"அதுவரைக்கும் இவனை இன்னான்னு கூப்புடறது?"

"இப்போ என்னன்னு கூப்பிடறே?"

"டேய்னுதான்."

குழந்தை அதற்குத் திரும்பிப் பார்த்தது.

அவள் போனாள். ஸ்ரீரங்கன் ஜன்னலுக்கு வந்தான். தெருவில் பூட்ஸ்காரன் அவளை நிறுத்தி ஏதோ கேட்டான். அவள் இந்த ஜன்னலைக் கைகாட்டிப் பதில் சொன்னாள். அவன் தலையாட்டினான். குழந்தையின் கன்னத்தைக்கூடத் தொட்டான்.

அப்படியானால் இவளும் அவர்கள் ஆளா? குழந்தையாவது சொந்தமா? ஊரைக் கேட்டால் பிடிப்பார்கள். லாயத்தைக் கேட்டாலும் பிடிப்பார்கள். மணி நாலரை. வக்கீல் இன்றைக்கும் வைத்தியர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டிருப்பார். அவரைக் கேட்க முடியாது. கேட்டாலும் அவர் சொல்ல முடியாது.

ஒரு பேனாவை எடுத்தான். 'எந்த ஊரில்' என்பதை அடித்தான். 'எந்த லாயத்தில்' என்பதை அடித்தான். 'ஜனவரி' என்பதும் துப்பு. அதையும் அடித்தான். 'சென்னை', 'கப்பல்' இரண்டும் கடலைக் காட்டிக்கொடுக்கும். அவையும் போயின. மிச்சத்தை, வக்கீல் அவசரத்துக்கென்று முன்பே கையெழுத்துப் போட்டு வைத்திருந்த வேறொரு வெற்றுத் தாளில் திரும்ப டைப் அடித்தான். இப்போது கேள்வி மிகச் சுத்தமாக இருந்தது.

'பட்டாளத்துக் கோவேறு கழுதைகள் நலமா?'

இதற்காக யாரையும் ஜெயிலில் போட முடியாது. தபாலாபீசில் ரிஜிஸ்தர் பண்ணினான். தபால் குமாஸ்தா முத்திரையை ஓங்கிக் குத்தினார். உறை பைக்குள் விழுந்தது. பை வண்டியில் ஏறியது. எட்டு நாளில் முதல் தடவையாக ஸ்ரீரங்கன் நிமிர்ந்து நடந்தான்.

தபாலாபீஸ் வாசலில் பூட்ஸ்காரன் வழிமறித்தான்.

"கேள்வி பூட்ச்சா சார்?"

"போயிடுத்து." ஸ்ரீரங்கன் மார்பை நிமிர்த்தினான். "பண்றதைப் பண்ணிக்கோ. நீ போலீஸ்தானே?"

"ஆமா சார். ஆம்ப்ரோஸ். சாந்தோம்." அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "எந்த ஊருன்னு கேட்டீங்கள்ல? அந்தப் பொம்பளகூட ஆமான்னுச்சே?"

"சத்தியமாக் கேக்கலை. ஊர் கேக்கலை, கப்பல் கேக்கலை, எப்போ வருவான்னு கேக்கலை. கழுதைகள் நலமான்னு மட்டும்தான் கேட்டிருக்கேன். வேணும்னா உங்க துரைகிட்டே போய்ச் சொல்லு."

ஆம்ப்ரோஸின் கையிலிருந்து குடை நழுவியது. அவன் தபால் வண்டி போன திசையைப் பார்த்தான்.

"அட இன்னா சார் நீங்க, எங்க தொரையோட ஒரே புள்ள அந்தக் கப்பல்லதான் போயிருக்கான், தொர எழுதிக் கேட்டா டில்லியில வாயே தொறக்கல, சபையில கேட்டா பதில் சொல்லித்தான் ஆவணும், அந்தக் குமாஸ்தா எந்த ஊருன்னு எழுதி அனுப்புற வரைக்கும் அவருக்கு ஒரு தொந்தரவும் வராம பாத்துக்கோன்னு என்னைக் காவலுக்கு நிக்க வச்சிருக்காரு!"