மணப்பெண்ணுக்கு நான் வைத்த மீசை

சும்மா விட்டால் சரியாகிவிடும் விஷயத்தைச் சும்மா விட என்னால் முடியாது. தூங்குகிற குழந்தையை, மூச்சு வருகிறதா என்று எழுப்பிப் பார்க்கிற ரகம் நான்.

தம்பி செந்தில் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு ஒரு பீங்கான் கோப்பை தருவதாக முடிவானது. (பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்காரர்கள் வேறென்ன தருவோம்?) அதில் பெண், மாப்பிள்ளை படம். கம்ப்யூட்டரில் வரையும் பொறுப்பு, படித்த அக்காவான என்னுடையது.

முகம் ஒரு துண்டு, கழுத்து ஒரு துண்டு என்று நிறத் துண்டுகளை அடுத்தடுத்து வைத்து வரைந்தேன். முடித்துப் பார்த்தால், மணப்பெண் கயல்விழியின் முகத்துக்கும் கழுத்துக்கும் நடுவே நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. கல்யாணக் கோப்பையில் பெண் கழுத்தில் வெட்டா? சேத்தியாத்தோப்பு சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்! பீங்கான் பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன்.

"அது ஸ்கிரீன்ல மட்டுந்தாங்க தெரியும். பிரிண்டுல வராது. வுட்டுடுங்க."

விட்டேனா? எல்லாத் துண்டுகளுக்கும் மொத்தமாக, அந்தந்த நிறத்திலேயே தடிமனான ஓரக்கோடு கொடுத்தேன். துண்டுகள் பருத்து ஒட்டிக்கொண்டன; வெள்ளைக் கோடு மறைந்தது. (கழுத்துத் துண்டை முகத்துக்கு அடியில் கொஞ்சம் நீட்டியிருந்தாலே போதுமாம். இப்போது தெரிந்து என்ன?) கழுத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அழுத மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே படத்தைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டேன். படத்தில் கயல்விழியின் மூக்குக்குக் கீழே போட்டிருந்த சின்னப் பழுப்பு நிழலும் பருத்துவிட்டதை நான் கவனிக்கவில்லை.

படம் ஒட்டி, சூளையில் சுட்டு, கோப்பைகள் வந்தன. இனிச் சுரண்டினாலும் போகாது. செந்தில் பெட்டியைப் பிரித்தான்.

"யக்கா, எனக்கே ஒழுங்கா மொளைக்கல. அவளுக்கு வெச்சிட்டியே மீச!"

வீடே சிரித்தது. நான் கோப்பைகளை மறுபடி பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தேன். உதட்டுக்கு மேலிருந்த பூனைமுடிக்காகப் பள்ளியில் கயல்விழியை 'மீசை' என்றே கூப்பிட்டார்களாம். நிச்சயதார்த்தத்தன்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"இத யாருக்கும் குடுக்க வேணாம்பா" என்றேன்.

"ஏன்? சின்னப் படந்தானே, யாரு உத்துப் பாக்கப் போறாங்க?" என்றார் அப்பா.

அவள் ரகசியத்தைச் சொல்லாமல் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கோப்பைகள் ஊரெல்லாம் போயின.

கல்யாணம் முடிந்த மறுநாள் கயல்விழியே என்னைத் தனியே கூப்பிட்டாள். "நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க அண்ணி. எனக்குத் தெரியும்."

அதை அவள் சொல்லும்படி ஆகிவிட்டதே!

இன்றும் விருந்தாளி வந்தால் அப்பா உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "மீசக் கப்புல காப்பி கொண்டாங்கம்மா!" எல்லோரும் சிரிக்கிறோம். கயல்விழியும் சிரிக்கிறாள், விரல்களால் மேலுதட்டை மறைத்தபடி.