அலாரம் ஓவசியரின் நீலப் பாஸ்

வன்னியில் நேரம் என்ற பொருள் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. மற்ற நாங்களெல்லாம் அவரிடம் கேட்டு வாங்கிச் செலவழித்தோம். ஊர் அவரை அலாரம் ஓவசியர் என்றது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதை மாதத்துக்கு ஒருமுறை நான் மட்டும் வாசித்தேன்.

கிளிநொச்சியில் ஒரு நீர்ப்பாசனக் கந்தோரில் நான் எழுத்து வேலை பார்க்கும் பிரதம லிகிதர். அவர் வாய்க்கால் ஓவசியர். குளத்துத் தண்ணீரை வயல்களுக்கு முறை வைத்துத் திறந்துவிடுவது அவர் வேலை. இந்த வாய்க்காலுக்கு இத்தனை மணித்தியாலம், அந்த வாய்க்காலுக்கு இத்தனை மணித்தியாலம். உங்கள் முறையில் நீங்கள் தண்ணீர் எடுக்காவிட்டால் போனது போனதுதான். அடுத்த முறை வரும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த, தலையில் இரண்டு மணி வைத்த அலாரம் மணிக்கூடு ஒன்றைத் துணிப்பையில் கொண்டு திரிந்தார். அது அடித்தால் வயலில் நிற்கும் கொக்குகள் பளை என்ற அடுத்த ஊரையும் தாண்டிப் போய்த்தான் இறங்கும்.

“ஓவசியர் ஐயா, இன்னும் ஒரு அஞ்சு நிமிசம் விடுங்கோ. இந்தத் துண்டு மட்டும் நனையட்டும்” என்று வயல்காரர் கும்பிடுவார்.

“அந்த அஞ்சு நிமிசம் கடைசி வயல்காரன்ரை. அவனிட்டைப் போய்க் கேளும்” என்பார் இவர். வாய்க்கால் கதவு இறங்கிவிடும்.

சொந்த மைத்துனரின் வயலுக்கும் அப்படித்தான் பூட்டினார். மைத்துனர் இரண்டு போகம் அவருடன் கதைக்கவில்லை. “அவ்வளவு நேரம் எனக்கு மிச்சம்” என்றார் ஓவசியர். ஒரு கலியாண வீட்டில் ஐயர் மந்திரத்தை நீட்டிக்கொண்டு போக, முகூர்த்த நேரத்துக்குப் பை அடித்தது. மாப்பிள்ளை திடுக்கிட்டுத் தாலியைக் கட்டிவிட்டார். மேளகாரர் பின்னால் ஓடிவந்து சேர்ந்தார்கள். அந்தத் தம்பதி இன்றும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இந்த மனிதருக்கு ஒரு மனைவி இருந்தா. பரமேஸ்வரி அக்கா. அதிகம் பேசமாட்டா. அவாவின் குசினிச் சுவரில் ஒட்டகச்சிவிங்கிப் படம் போட்ட கலண்டர் ஒன்று தொங்கியது. ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டா: “இஞ்சருங்கோ, இவ்வளவு உயரத்திலை தலையை வைச்சுக்கொண்டு இது நிலத்துத் தண்ணியை எப்பிடிக் குடிக்கும்?”

இருபது வருடத்துக்கு மேலாக ஆயிரக்கணக்கான ஏக்கருக்குத் தண்ணீர் காட்டிய மனிதர் கலண்டரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். “அதுக்கு ஆரும் வாளியிலை தூக்கிக் குடுப்பினம்” என்று சமாளித்தார். அக்கா நம்பவில்லை.

“நான் இதுவரைக்கும் உங்களிட்டை ஒண்டும் கேக்கேல்லை. கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அது தண்ணி குடிக்கிறதை நான் என்ரை கண்ணாலை பாக்க வேணும்.”

இது நடந்தது எழுபத்தெட்டு எழுபத்தொன்பது வாக்கில். அரசாங்க உத்தியோகத்தருக்குக் குடும்பத்தோடு இலவசமாகப் பயணம் செய்ய ரயில் வாரண்ட் கிடைக்கும். ஓவசியர் அதுவரை ஒன்றைக்கூடத் தொட்டவர் அல்ல. லீவுப் படிவத்தை நிரப்பி என் மேசையில் வைத்தார். காரணம் என்ற இடத்தில் ‘ஒட்டகச்சிவிங்கி நீர் அருந்துவதை நேரிற் பார்வையிடல்’ என்று எழுதியிருந்தது.

“ஓவசியர், ‘சொந்த அலுவல்’ எண்டு போட்டால் காணும்.”

“பொய் எழுதச் சொல்லுறியளோ?”

படிவத்தைப் பொறியியலாளரிடம் அனுப்பினேன். அவர் மூன்றுதரம் வாசித்துவிட்டு, தண்ணீர் சம்பந்தப்பட்ட விடயமாதலால் இதைக் கடமை லீவாகக் கொள்ளலாமா என்று ஓரத்தில் எழுதி எனக்கே திருப்பி அனுப்பினார். கொள்ள இடமில்லை என்று உரிய விதியைக் காட்டிப் பதில் எழுதினேன். சிங்களமும் சட்டமும் தெரிந்த ஒருவர் கூடவர வேண்டும் என்று ஓவசியர் கேட்டதால் நானும் புறப்பட்டேன். வருட முடிவோடு செல்லுபடியற்றுப் போகவிருந்த வாரண்ட் ஒன்று என்னிடமும் இருந்தது. அதனால் ஓவசியரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையை நான் இழந்துவிட்டதாக நினைக்கவில்லை.

கொழும்பில், வெள்ளவத்தையில் என் தங்கை வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை கோட்டைப் பகுதியில் ஒரு சுற்றுலாக் கந்தோருக்குப் போனோம். வெளிநாட்டார் நிறைய வரத் தொடங்கிய காலம். நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் பாஸ் அச்சடித்து விற்றார்கள். மஞ்சள் பாஸ் என்றால் மூன்று இடம், ஒரு கிழமைக்குள் ஆறுதலாக, அவசரமில்லாமல் பார்க்கலாம். நீலப் பாஸ் என்றால் எட்டு இடம், ஒரே நாள், பின்னேரம் ஆறு மணியோடு சரி. ஒவ்வோர் இடத்திலும் வாசலில் ஒரு துண்டைக் கிழித்துக்கொள்வார்கள். மிருகக்காட்சிச்சாலை இரண்டிலும் இருந்தது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

பின்பக்கத்து நிபந்தனைகள் பதினொன்றையும் வாசித்து முடித்து, “மஞ்சளை எடுங்கோ” என்றேன்.

“எனக்கு ஒட்டகச்சிவிங்கி ஒண்டு காணும்” என்றா அக்கா.

ஓவசியரின் கண் நீலத்தை விட்டு அசையவில்லை. “எட்டு இடம், ஒரு நாள். எட்டு வாய்க்காலுக்கு ஒரு கதவு. இதென்ன பெரிய வேலையே?” என்று சொல்லி, கவுண்டரிலேயே கடதாசி வாங்கி முறை அட்டவணை கீறத் தொடங்கினார். பின்னால் வரிசையில் நின்ற வெள்ளைக்காரர் அதை எட்டிப் பார்த்து, தானும் நீலத்தையே வாங்கினார். அவர் பின்னர் என்ன ஆனார் என்று தெரியவில்லை.

முதல் முறை துறைமுகம். லோஞ்ச் என்ற மோட்டார் படகில் ஏற்றிக் கப்பல்களைச் சுற்றிக் காட்டுவார்கள். முக்கால்வாசி சுற்றியதும் பை அடித்தது. ஓவசியர் எழுந்து நின்று, “காணும், திருப்பும்!” என்று கையைக் காட்டினார். தமிழ் தெரியாத லோஞ்ச்காரர் இவருக்குக் குமட்டிச் சத்தி வரப்போகிறது என்று விளங்கிக்கொண்டு ஓடிவந்து ஒரு வாளியைக் கையில் கொடுத்தார். கரை சேரும்வரை ஓவசியர் அதைப் பிடித்தபடியே நின்றார்.

பஸ்ஸுக்கு ஓடும் வழியில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம். அதுவும் என் கைக்கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டின. ஓவசியர் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “கொழும்பு நாலு நிமிசம் பிந்தி ஓடுது” என்று தீர்ப்புச் சொன்னார்.

இரண்டாவது, பழம்பொருள்கள் வைத்திருக்கும் நூதனசாலை. ஒரு சிம்மாசனத்தின் முன்னால் அக்கா நின்றுவிட்டா. “கதிரையிலை எத்தினை சிங்கம் எண்டு எண்ணிப்போட்டு வாறன்.”

“நாலு வரைக்கும் எண்ணும். மிச்சத்தைப் புத்தகத்திலை பாக்கலாம்.”

மூன்றாவது கோள்மண்டலம். கூரை முழுவதும் நட்சத்திரம். “இதை எங்கடை வீட்டு முத்தத்திலை சாக்கைப் போட்டுப் படுத்தாலே பாக்கலாம்” என்று அக்கா இருட்டுக்குள் எனக்குச் சொன்னா. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. முன்வரிசையில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வகுப்பு முழுவதும் எழுந்து வரிசையாக வெளியே போய்விட்டார்கள். அவர்களுடைய ஆசிரியர் பின்னால் ஓடினார். அவருக்குப் பின்னால் நாங்கள்.

நான்காவதுதான் மிருகக்காட்சிச்சாலை. அட்டவணையில் நாற்பது நிமிடம். நுழைந்ததும் யானை.

“இதுகளைப் பாக்க இவ்வளவு தூரமோ?” என்றா அக்கா. “கதிர் முத்தினால் இதுகள்தானே எங்களைப் பாக்க வரும்.”

கரடி, முதலை, மயில் எல்லாவற்றையும் இதே மரியாதையுடன் கடந்தோம். வன்னியாருக்கு அவை வேண்டாத அயலவர்கள். கடைசியில் ஒட்டகச்சிவிங்கி. அக்கா வாயைத் திறந்தபடி நிமிர்ந்து பார்த்தா. பிறகும் நிமிர்ந்து பார்த்தா. அது உயரத்தில் கட்டியிருந்த குழையை மென்றுகொண்டு, எங்கள் தலைக்கு மேலாக வேறு யாரையோ தேடுவதுபோல நின்றது. கீழே தொட்டியில் தண்ணீர் இருந்தது. அது அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அக்கா எதிரேயிருந்த நீள மர வாங்கில் உட்கார்ந்தா.

மணி அடித்தது. ஒட்டகச்சிவிங்கி ஒரு காதை மட்டும் ஆட்டியது.

“எழும்பும். இன்னும் நாலு இடம் கிடக்கு.”

“அது இன்னும் குடிக்கேல்லை.”

“குடிக்கும், குடிக்கும். குடிக்காமல் உயிரோடை நிக்குமே? விளங்கீற்றுதுதானே, வாரும்.”

“நான் வரேல்லை.”

ஓவசியர் என்னைப் பார்த்தார். இதற்கு விதி ஏதும் உண்டா என்று கேட்கும் பார்வை. நான் குரங்குகள் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. “இருபத்திமூண்டு வருசமா உங்கடை மணிக்கு எழும்பி, உங்கடை மணிக்குச் சமைச்சு, உங்கடை மணிக்குப் படுத்தனான். இந்தச் சீவனுக்கு எப்ப தண்ணி விடாய்க்குமெண்டு உங்கடை மணிக்கூடு சொல்லுமே? சொன்னால் இப்பவே எழும்பிறன்.”

ஓவசியர் நேரே கூட்டுக்குப் பொறுப்பானவரிடம் போனார். நான் மொழிபெயர்ப்பாளனாகப் பின்னால் போனேன்.

“இது எத்தனை மணிக்குத் தண்ணி குடிக்கும் எண்டு கேளுங்கோ.”

கேட்டேன். அந்த மனிதர் சிரித்தார். “தாகம் வந்தால் குடிக்கும் என்கிறார்” என்றேன்.

அப்படி ஒரு நடைமுறை இருப்பதை ஓவசியர் கேள்விப்பட்டதில்லை. கையில் நாலு நீலத் துண்டுகள் கிழிபடாமல் இருந்தன. இறக்குமுன் ஒருதரம் பிடித்துப் பார்க்கும் கதவைப்போல, அவற்றை ஒருமுறை விரித்துப் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எல்லாருக்கும் முறை வைச்சன்” என்றார், ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தபடி. “உமக்கு ஒண்டு வைக்கேல்லை, என்ன?”

அக்கா கொண்டுவந்த எள்ளுருண்டையில் ஒன்றை அவர் கையில் வைத்தா.

எவ்வளவு நேரம் இருந்தோம் என்று நான் சொல்லப்போவதில்லை. என் கடிகாரத்தை நான் பார்த்தேன், ஆனாலும் சொல்லப்போவதில்லை. வெயில் வாங்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது. விண்ணப்பித்தால் பாஸை மறுநாளுக்கு நீட்டித்துத் தரக்கூடும், ஏழாம் நிபந்தனையில் இடமிருக்கிறது என்று நான் மெதுவாக எடுத்துரைத்தேன். இருவரும் ஒரே நேரத்தில் “உஸ்” என்றார்கள்.

ஏனென்றால் அது நகர்ந்தது. தொட்டியடிக்கு வந்தது. நின்றது. தொட்டியைப் பார்த்தது. நடுச் சபையில் செருப்பறுந்த பெரிய உத்தியோகத்தரைப்போல அங்குமிங்கும் பார்த்தது. பிறகு முன்காலிரண்டையும் கொஞ்சம் அகட்டியது. இன்னும் கொஞ்சம். இன்னும்.

“காலை அகட்டுது!” ஓவசியர் வாங்கில் ஏறி நின்றுவிட்டார். “பரமேஸ், காலை அகட்டுதடியப்பா! பாரும், பாரும், ஆடத்தான் போகுது!”

அது ஆடவில்லை. அந்த நீண்ட கழுத்து இறங்கி இறங்கி வந்து தண்ணீரைத் தொட்டது. பரமேஸ்வரி அக்கா கை தட்டிச் சிரித்தா. அவாவின் சிரிப்புச் சத்தத்தை நான் அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். ஓவசியரின் முகத்தைப் பார்த்தால், அவரும் அதைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும்.

“வாளி இல்லை” என்றா அக்கா.

“இல்லை” என்று ஒப்புக்கொண்டார்.

வாசல் பூட்டும் நேரம் வெளியே வந்தோம். எப்போதும் பத்தடி முன்னால் போகிறவர், அன்று அக்காவின் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவாவின் காலடிக்குக் காலடி வைத்து நடந்தார். இருவரும் ஏதோ கதைத்துக்கொண்டு போனார்கள். நான் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினேன். பிறகு மற்றச் சப்பாத்தையும்.