சர்க்கரை நுழையாத மண்டபம்

உலகத்திலேயே சர்க்கரையை அடியோடு ஒழித்த முதல் கல்யாண மண்டபம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலைக்கு ஒரு சந்து தள்ளி இருக்கிறது என்பதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். ஒழித்தது மண்டபத்தில் மட்டும்தான். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களின் ரத்தத்தில் ஒழித்ததாக யாரும் சொல்லவில்லை. எதற்கும் ஒரு தொடக்கம் வேண்டுமல்லவா?

சாதனையைச் செய்தது 'காவிரி கொள்ளிடம் இனிப்பு எதிர்ப்புப் பேரவை'. தலைவர் பெரியண்ணன், செயலாளர் தைரியராஜ். இருவருக்கும் சர்க்கரை உண்டு. அந்தப் பதவிகளுக்கு அது குறைந்தபட்சத் தகுதி. ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழாவை முன்னிட்டு, சமையல்காரரின் சீனி டப்பா ஆட்டோவில் ஏற்றப்பட்டு, காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நாடு கடத்தப்பட்டது. பைகளைச் சோதிப்பது நாகரிகமல்ல என்பதால், வந்த நூற்று நாற்பது பேரிடமும் வலக்கையை உயர்த்தி உறுதிமொழி மட்டும் வாங்கினார்கள். அந்தப் படம் அப்போதே வாட்ஸ்அப்பில் போய்விட்டது.

தைரியராஜின் மனைவி அக்னஸுக்குச் சர்க்கரை இல்லை. அதனால் 'பார்வையாளர்' என்று கடைசி வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். முப்பத்தோரு வருஷம் மூன்றாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவர். எங்கே உட்கார வைத்தாலும் மொத்த வகுப்பும் கண்ணில் படும்.

தைரியராஜ் நில அளவை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். எழுத்தில் உள்ளதை மட்டுமே நம்புவார். இரண்டு வாரம் முன்பு டாக்டர் மாத்திரையை மாற்றியிருந்தார். சீட்டில் 'உணவுக்கு அரை மணி முன்' என்று எழுதிவிட்டு, இதைப் போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும், சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும், விசேஷத்துக்குப் போனால் இலை போட்டதைப் பார்த்த பிறகு போட்டால் போதும், பையில் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கட்டும் என்றெல்லாம் இரண்டு தடவை சொன்னார். சொன்னாரே தவிர எழுதவில்லை. வாய்மொழி உத்தரவு செல்லாது என்பது தைரியராஜின் முப்பத்தாறு வருஷ அனுபவம்.

"இலை போட்டப்புறம் மாத்திரை போடுங்க" என்று காலையிலேயே அக்னஸ் நினைவுபடுத்தினார்.

"பன்னிரண்டரைக்குச் சாப்பாடுன்னு நிகழ்ச்சி நிரல்ல இருக்கே. நான்தானே டைப் அடிச்சேன்."

திருச்சி மாவட்டத்தில் ஒரு நிகழ்ச்சி நிரலை நம்பிய கடைசி மனிதர் அவர்தான். பன்னிரண்டு அடித்ததும், மேடையிலேயே, எல்லோரும் பார்க்க மாத்திரையைப் போட்டுக்கொண்டார். முன்வரிசை கைதட்டியது.

பன்னிரண்டரைக்குத் துறையூரிலிருந்து வந்த காத்தமுத்து, சிறுதானியங்களைப் பற்றி 'இரண்டே வார்த்தை' பேச எழுந்தார். முதல் வார்த்தை வரகு. அதிலிருந்து சாமைக்கு வருவதற்கு இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அவர் முடிக்கிற நேரத்துக்குச் சூடாக இருக்கட்டும் என்று சமையல்காரர் அரிசியை உலையில் போடாமலே காத்திருந்தார். வெந்திருந்தது பாகற்காய் மட்டும்.

ஒன்றேகாலுக்குத் தைரியராஜ் நெற்றியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். கை நடுங்கியது. பொன்னாடை கொடுக்கச் சொல்லித் தோளைத் தொட்ட பெரியண்ணனைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார். பேரவைக்குள் பூசல் வெடித்துவிட்டது என்று முன்வரிசை ஆர்வமாக நிமிர்ந்து உட்கார்ந்தது.

அக்னஸ் மேடைக்கு ஓடினார். கணவரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சர்க்கரை பார்க்கிற மெஷினுக்கு அங்கே பஞ்சமா? கேட்டதும் பதினாறு வந்தன. அளவு நாற்பத்தொன்று. காலையில் அக்னஸ் பையில் வைத்த குளுக்கோஸைப் பேரவை விதிப்படி தைரியராஜே வெளியே எடுத்து வைத்திருந்தார். யாரையோ நூற்றெட்டுக்கு போன் போடச் சொல்லிவிட்டு, காத்தமுத்துவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"யார்கிட்டயாவது சுகர் இருக்கா?"

நூற்று நாற்பது கைகள் உயர்ந்தன. துணைத்தலைவர் ஜமால் எழுந்தே நின்றார்.

"இருக்கும்மா. பதினோரு வருஷமா இருக்கு. அல்ஹம்துலில்லாஹ், கன்ட்ரோல்ல இருக்கு."

அதற்கும் கைதட்டினார்கள்.

"வியாதி இல்லைங்க. சீனி. திங்கிற சீனி. இவருக்கு இறங்கிப்போச்சு."

கைகள் இறங்கின. மண்டபத்தில் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது, நானே முன்னின்று அனுப்பிவைத்தேன் என்று பெரியண்ணன் பணிவோடு தெரிவித்தார். கடைக்கு ஓடிய ஒருவர், முக்குக் கடை ஞாயிற்றுக்கிழமை லீவு என்று திரும்பி வந்தார். தைரியராஜின் தலை தொங்கத் தொடங்கியது.

அக்னஸ் கூட்டத்தைப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பெண்கள் கைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டார்கள். ஆண்களின் கை சட்டைப் பையை மூடியிருந்தது. சாக்பீஸ் டப்பா காணாமல் போன நாளில் மூன்றாம் வகுப்பு இப்படித்தான் உட்கார்ந்திருக்கும். அக்னஸுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. திட்டுவதற்கு நேரம் இல்லை.

"எல்லாரும் எந்திரிங்க. இவருக்காக ஜெபம் பண்ணப் போறோம், அவங்கவங்க சாமியை வேண்டிக்கங்க. கண்ணை மூடுங்க. மேடைக்குக் கீழ மேசை இருக்கு. வைக்கிறவங்க மட்டும் கண்ணைத் திறந்து வந்து வெச்சிட்டுப் போங்க. யாருன்னு நான் பார்க்க மாட்டேன்."

அவரும் கண்ணை மூடி, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணினார். ஸ்ரீரங்கத்தில் அப்படியொரு சர்வசமயப் பிரார்த்தனை நடந்ததில்லை. காகிதம் பிரிகிற சத்தமும் ஜிப் திறக்கிற சத்தமும் மட்டும் கேட்டன.

கண்ணைத் திறந்தால், மேசையில் கமர்கட்டு, தேன்மிட்டாய், கல்கண்டு, நியூஸ்பேப்பரில் மடித்த மைசூர்பாகு. தலைவரின் நாற்காலி இருந்த பக்கத்தில், ஹோட்டலில் காபியோடு கொடுக்கிற சீனிப் பொட்டலம் ஏழு. சட்டைப் பைச் சூடு இன்னும் ஆறவில்லை. அக்னஸ் நான்கைக் கிழித்துத் தண்ணீரில் கரைத்தார். நல்ல வேளையாகத் தைரியராஜுக்கு விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது. கால் மணி நேரத்தில் பெண்டாட்டியை அடையாளம் தெரிந்தது. அதற்குள் வந்துவிட்ட நூற்றெட்டுக்காரர்கள், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டம்தான் என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அன்று ராத்திரி முழுக்க அங்கே வைத்துப் பார்த்துத்தான் விட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, பெரியண்ணனும் ஜமாலும் கேடயத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். மண்டபத்தில் சர்க்கரை ஏதும் காணப்படவில்லை என்று அறிக்கை நிறைவேறிவிட்டதாம். கூடவே ஒருமனதாக இன்னொரு தீர்மானம்: பேரவை வரலாற்றிலேயே மிகக் குறைந்த அளவான நாற்பத்தொன்றை, பேரவையின் மேடையிலேயே எட்டிய செயலாளருக்கு 'ஆண்டின் சிறந்த உறுப்பினர்' விருது. எழுத்தில் இருந்ததால் தைரியராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்கிக்கொள்ள எழுந்தார்.

அக்னஸ் குறுக்கே வந்து கேடயத்தை வாங்கினார். ஒருமுறை படித்துவிட்டு, பெரியண்ணனின் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இன்னும் ரெண்டு பேர் பேசியிருந்தா சைபருக்கே கொண்டாந்திருப்பீங்கண்ணே. அப்ப இதை வாங்கிக்க வீட்ல நான் மட்டும்தான் இருந்திருப்பேன்."